பச்சைக் கிண்ணத்தின் விருந்தாளி

யுரேனியம் கலந்து செய்த பச்சைக் கண்ணாடிக் கிண்ணம் அது. ஒரு காலத்தில் விருந்துகளில் அல்வா ஏந்திக் கைக்குக் கை போனது. கதிர்வீச்சு இருக்கிறதென்று தெரிந்ததும் அருங்காட்சியக அலமாரியில் தனியாக வைத்துப் பூட்டிவிட்டார்கள். எந்தக் கையை என்ன செய்தோம் என்று அதற்கே தெரியாது.

வருஷத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சை அளக்கும் கருவி வரும். கிட்டே வரவரப் படபடவென்று பேசும். அந்த ஒரு நாளுக்காகவே கிண்ணம் காத்திருக்கும்.

இந்த வருஷமும் வந்தது.

“வாங்கண்ணே! வேற யார்கிட்டயும் இவ்வளவு பேச மாட்டீங்களாமே. என்மேல அவ்வளவு பிரியமா?”

“பிரியமா! உன்னைக் கண்டாலே பயத்துல எனக்குப் பல்லு தந்தியடிக்குதப்பா. அதையா பேச்சுன்னு நெனச்சே?”

அளந்து முடிந்தது. அலமாரிக் கதவை மூடும்போது கிண்ணம் சொன்னது.

“பரவாயில்லண்ணே. அடுத்த வருஷமும் வந்து பயப்படுங்க.”