ஒன்பதாவது அச்சு

"ஆம்பளைங்களுக்கு உள்ளே அனுமதி இல்லை" என்றார் சிற்பி, கதவைப் பாதி திறந்தபடி.

"அப்பாடா! அப்ப நான் கீழே போய் ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறேன்" என்று உடனே திரும்பினார் லிஃப்ட் மெக்கானிக். அவர் மனைவி எட்டி அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், அது வந்து... இவரு..."

"புரியுதும்மா. துணை வேணும். இருக்கட்டும். ஆனா ஓரமா, சுவரைப் பார்த்துத்தான் உட்காரணும்."

வந்தவர்களை அனுப்பிவிடும் நிலையில் சிற்பி இல்லை. மார்பகப் புற்றுநோய் நிதிக்கான கலைக் கண்காட்சி மறுநாள் தொடங்குகிறது. கூடத்தின் நடு இடம் அவருக்குத்தான். ஆனால் மாலைக்குள் சிற்பம் முடியாவிட்டால் அந்த இடம் களிமண் பொம்மை செய்யும் அம்மாளுக்குப் போய்விடும் என்று அமைப்பாளர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள்.

இரும்புக் கம்பிக் கூடு, உடைந்த கண்ணாடி, பழைய எக்ஸ்ரே படங்கள், கம்பளி நூல், குட்டிக் குட்டி மணிகள். இவற்றுக்கு நடுவே, நோயிலிருந்து மீண்டவர்களின் மார்பில் எடுத்த ஒன்பது அச்சுகள். எட்டு ஆகிவிட்டது. ஒன்பதாவதுக்கு வந்த இரண்டு பேர் அவருடைய விளக்கவுரையை அரை மணி நேரம் கேட்டுவிட்டு, அடுப்பில் பால் இருப்பதாகச் சொல்லிக் கிளம்பிவிட்டார்கள். "பதினோரு மணிக்கு ஒருத்தர் வருவாங்க, ஆபரேஷன் ஆகி அஞ்சு வருஷம் ஆச்சு" என்று காலையில்தான் தொலைபேசி வந்திருந்தது.

"பேரு என்ன சார் வெச்சிருக்கீங்க?" மெக்கானிக் சுவரைப் பார்க்கவில்லை. சிற்பத்தைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தார்.

"பெண்மையின் மௌனப் பெருவெளி."

"மௌனம்னா இத்தனை மணி எதுக்கு சார்?"

"அதையெல்லாம் உணரணும்."

மெக்கானிக் ஒரு கம்பியை ஆட்டிப் பார்த்தார். "இந்த வெல்டிங் தாங்காது சார். இன்னும் ரெண்டு கிலோ ஏறினா பெருவெளி யார் தலையிலயாவது விழும்."

"என்னங்க, சும்மா இருங்களேன்" என்றாள் மனைவி.

சிற்பி ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு அவள் எதிரே உட்கார்ந்தார். குரலைத் தழைத்துக்கொண்டார். "உங்க வலி எனக்குப் புரியுதும்மா."

"முழங்கால்தான் சார். லிஃப்ட் மெக்கானிக் பொண்டாட்டி நாலு மாடி படி ஏறி வந்திருக்கேன்."

"பார்த்தீங்களா! பெண் தன் வலியை முழங்காலுக்குள்ள ஒளிச்சு வைக்கிறா" என்று சொல்லிக்கொண்டே குறிப்பேட்டில் எழுதினார். "நோய் எப்படித் தெரிஞ்சுது?"

"சின்னதா ஒரு கட்டி சார். ஏதோ கொப்புளம்னு ரெண்டு மாசம் தைலம் தடவினதுதான் மிச்சம். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடல."

"மௌனம்!" சிற்பியின் கண்கள் கலங்கின. அதே கண்களால் மெக்கானிக்கை முறைத்தார். "ஒரே வீட்டுல இருந்துக்கிட்டு ஏன் சார் அலட்சியமா விட்டீங்க?"

"தப்புதான் சார். இதெல்லாம் நமக்கு எங்க வரப்போகுதுன்னு நெனைச்சுட்டேன்."

"இவரை நம்பியிருந்தா இன்னும் தைலம்தான் சார் தடவிக்கிட்டிருக்கணும். நான்தான் ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனேன்."

'பெண்ணுக்குப் பெண்ணே துணை' என்று எழுதி, அடிக்கோடும் போட்டார் சிற்பி.

மெக்கானிக் இதற்குள் மேஜையில் இருந்த துணிச்சுருளை முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "கை ஒடிஞ்சா போடற மாவுக்கட்டுதானே சார் இது? பிச்சு எடுக்கும்போது முடியும் சேர்ந்து வருமா?"

"கூந்தலைத் தூக்கிக் கொண்டை போட்டுக்கிட்டா ஒண்ணும் ஆகாது."

மெக்கானிக் தன் வழுக்கையைத் தடவியபடி யோசித்தார். "சூடாகுமா சார்? அரிக்குமா? நடுவுல தும்மல் வந்துட்டா?"

"சந்தேகம் எல்லாம் அவங்க கேட்கட்டும் சார்!"

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல" என்று சிரித்தாள் மனைவி. "இவருதான் நேத்துலேருந்து இதே பாட்டு. அது கிடக்கட்டும் சார், கண்காட்சிக்கு நிறைய பேர் வருவாங்களா? இதைப் பார்த்துட்டு ஒரே ஒருத்தராவது கட்டியை மறைக்காம டாக்டர்கிட்ட ஓடினா போதும். அதுக்குத்தான் வந்தோம்."

"அது சின்ன நோக்கம்மா" என்றார் சிற்பி பெருந்தன்மையோடு. "கலை அதையெல்லாம் தாண்டின விஷயம்."

பிறகு மூலையில் தொங்கிய திரையைக் காட்டி, ஒரு வாஸ்லின் டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "மேல்துணியை எடுத்துட்டு, இதை நல்லாத் தடவிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் நான் திரும்ப மாட்டேன்."

சொன்னபடியே சுவர்ப்பக்கம் திரும்பி நின்று, வெந்நீரில் துணிச்சுருளை ஊறப்போட்டார். பின்னால் கிசுகிசுப்பு. யார் குரல் எது என்று பிரித்தறிய முடியவில்லை.

"மாட்டேன்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"அஞ்சு வருஷமா ஒருத்தர் கண்ணுலயும் படல."

"அதனாலதான் சொல்றேன்."

சிற்பி தொண்டையைச் செருமிக்கொண்டார். இந்தக் கணத்துக்கென்றே ஒரு வாக்கியம் தயாராக வைத்திருந்தார். "அம்மா, காலங்காலமாகப் பெண் சுமந்துவரும் ரகசியத்தை இந்த உலகத்தின் முன்னால் நீங்கள்..."

திரையின் வளையங்கள் சரசரத்தன. வாக்கியத்தை முடிக்காமலே, கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பயபக்தியோடு திரும்பினார்.

வாஸ்லின் பளபளக்க, தொந்தியை எக்கிக்கொண்டு எதிரே நின்றார் லிஃப்ட் மெக்கானிக். இடது மார்பு இருந்த இடத்தில், அக்குள்வரை நீண்ட ஒரு தழும்பு.

"ரொம்பக் கூச்ச சுபாவம் சார் இவருக்கு" என்றாள் மனைவி, அவருடைய சட்டையை மடித்தபடியே திரைக்குப் பின்னாலிருந்து வந்து. "மனசு மாறறதுக்குள்ள பூசிடுங்க."