கையால் எழுதிய டிக்கெட்

கம்ப்யூட்டர் அப்டேட் ஆனதிலிருந்து லாங் ஐலண்ட் கப்பல் டிக்கெட் கவுண்டரில் பிரிண்டர் அசையவில்லை. கிளார்க் ஜம்புலிங்கம் வயரைப் பிடுங்கிச் செருகியும் பார்த்துவிட்டார். ஆபீஸ் கொடுத்த இன்ஜினியர் நம்பரோ சுவிட்ச் ஆஃப்.

உள்ளதைச் சொன்னால் ஆளுக்கொரு யோசனையோடு வருவார்களென்று, கேட்டவர்களிடமெல்லாம் "சர்வர் டவுன்" என்று சொல்லிவைத்தார்.

"பாய்சாப், மாமியார் வீட்டுக்கு வந்தேன். இந்தக் கப்பலை விட்டா நாளைக்குத்தான். கையாலயாவது எழுதிக் குடுங்க" என்று ஒருவர் கெஞ்சினார். ஜம்புலிங்கம் மனசு கேட்காமல் எழுதிக் கொடுத்தார்.

கப்பல் கிளம்பிய பிறகுதான் லைன் கிடைத்தது.

"இன்ஜினியர் சாரா? லாங் ஐலண்ட் கவுண்டர்லருந்து பேசறேன். அப்டேட்டுக்கு அப்புறம் பிரிண்டர் ஓடல. எப்ப வருவீங்க?"

"போன்ல சார்ஜ் இல்ல, இப்பத்தான் கப்பல்ல போட்டேன்" என்றது சற்றுமுன் கெஞ்சிய அதே குரல். "என்ன பாய்சாப், என்கிட்ட சர்வர் டவுன்னுதானே சொன்னீங்க?"