சின்னவள் வேகவைத்த பயறு

ஹாலில் யாரும் இல்லை என்று எட்டிப் பார்த்துவிட்டு, மூத்த மருமகள் ஓரகத்தியின் பாத்திரத்தில் ஊறிக்கொண்டிருந்த பயறை வழித்து ஒரு டிபன் பாக்ஸில் ஒளித்தாள். அதற்குப் பதில் பரணில் நாலு வருஷமாகக் கிடந்த பயறைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினாள். அது நாள் முழுக்க வெந்தாலும் கோலி விளையாடத்தான் ஆகும்.

வயிற்றெரிச்சல் சும்மா வந்துவிடவில்லை. டப்பாவில் அடைத்த வெந்த பயறு இந்த வீட்டு வாசற்படி ஏறக்கூடாது, காய்ந்த பயறை ஊறவைத்துச் சமைத்தால் பாதிக் காசு மிச்சம் என்று சட்டம் போட்டவர் மாமனார், ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர். அதைப் பதினோரு வருஷமாகக் கட்டிக்காத்தவள் மூத்தவள். கேஸும் மிச்சமாகட்டும் என்று இரண்டாவது விசிலிலேயே அடுப்பை அணைக்கிற சாமர்த்தியம் வேறு யாருக்கு வரும்?

கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகாத சின்னவள் வாரத்துக்கு இரண்டு நாள்தான் சமைக்கிறாள். அந்த இரண்டு நாளும் மாமனார் கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறார். நேற்று அதற்கும் மேலே போய்விட்டார்.

"ஒண்ணாம் தேதியிலேருந்து வீட்டுச் செலவைச் சின்னவளே பார்த்துக்கட்டும். சிக்கனமும் இருக்கு, பக்குவமும் இருக்கு."

அதைக் கேட்ட பிறகுதான் மூத்தவளுக்குப் பரண் பயறு ஞாபகம் வந்தது.

சாயங்காலம் மாமனார் வாக்கிங் முடித்து வந்தார். துணிப்பையை அக்குளில் இடுக்கிக்கொண்டு நேரே சமையலறைக்குப் போய், "அம்மாடி சின்னவளே" என்று குழைந்தார். தின்பண்டமாக இருக்கும். இத்தனை வருஷத்தில் மூத்தவளுக்கு ஒரு பிஸ்கட் வந்ததுண்டா?

சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முகத்தையும் பார்த்தபடி காத்திருந்தாள். பயறு வெண்ணெயாகக் கரைந்தது.

"என்னடி பண்ணின?" வாய் முந்திக்கொண்டுவிட்டது.

"ஏன்க்கா, உப்பு கம்மியா?"

"இல்ல, இவ்வளவு மெத்துன்னு இருக்கேன்னு கேட்டேன்."

"எல்லாம் உங்களைப் பார்த்துக் கத்துக்கிட்டதுதான்க்கா."

மூத்தவளின் புருஷனுக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "நீ இப்போ அவளைப் பார்த்துக் கத்துக்கோயேன்" என்றான்.

சாப்பிட்ட கையோடு மூத்தவள் போய்க் குப்பைக்கூடையைக் கிளறினாள். வெங்காயத் தோலுக்கு அடியில் பரண் பயறு, போட்டது போட்டபடி கிடந்தது. அதற்கும் அடியில் பயறுப் படம் ஒட்டிய இரண்டு காலி டப்பாக்கள்.

அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை. டப்பாக்களைத் துண்டில் சுற்றிக்கொண்டு மாமனாரின் அறைக்குள் நுழைந்தாள்.

"உங்க சிக்கனச் செல்லத்தோட லட்சணத்தைப் பாருங்க மாமா. எல்லாம் கடை டப்பா. ஊறவைக்கிறது நம்ம கண்ணுக்கு. இவகிட்டயா வீட்டுச் செலவைக் கொடுக்கப் போறீங்க? இப்பவே எல்லாரையும் கூப்பிட்டுக் கேளுங்க."

மாமனார் பதறி எழுந்து கதவைச் சாத்தினார். ஓடுகிற பஸ்ஸில் பின்சீட்டு வரை கேட்ட அந்தக் குரல் கிசுகிசுப்பாக இறங்கியிருந்தது.

"மெதுவாப் பேசும்மா, அதை வாங்கிட்டு வர்றதே நான்தான், உன் பயறைக் கடிக்க எனக்கு ஏது பல்லு?"