ஒரு கிண்ணம் பால்

கோடு போட்ட சின்னப் பாம்பு ஒன்றை மரகதவல்லி கண்ணாடித் தொட்டியில் ஆசையாய் வளர்த்தாள். தினமும் ஒரு கிண்ணம் பால் வைப்பாள். அது குடித்து முடிக்கும்வரை கைகூப்பி நிற்பாள்.

சுவரிலிருந்த பல்லி ஒருநாள் கேட்டது: "வயிறு ஒட்டிக் கிடக்கிறாயே, பால் உனக்கு ஒத்துக்கொள்கிறதா?"

"எங்கே! வயிற்றைப் புரட்டுகிறது. நான் மண்புழுவும் மீனும் தின்கிற ஜாதி."

"பிறகு ஏன் குடிக்கிறாய்?"

"தாகம். தொட்டியில் தண்ணீர் இல்லை. அதோடு, நான் குடிக்கும்போது அவள் முகத்தைப் பார்த்திருக்கிறாயா?"

"பார்த்திருக்கிறேன். ஒருநாள் குடிக்காமல் இரு. தானாகப் புரிந்துகொள்வாள்."

மறுநாள் பாம்பு பாலைத் தொடவில்லை. மரகதவல்லி பதறிப்போனாள். பால் கெட்டிருக்கும் என்று கொட்டிவிட்டு, வேறு பால் காய்ச்சும்வரை இருக்கட்டும் என்று கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றி வைத்தாள். பாம்பு ஒரு சொட்டு விடாமல் குடித்தது.

"பார்த்தாயா, புரிந்துவிட்டது!" என்றது பல்லி.

மரகதவல்லிக்குக் கண் கலங்கிவிட்டது.

"ஐயோ என் சாமி, எவ்வளவு பசி இருந்தா வெறும் தண்ணியை இப்படிக் குடிப்பே!" என்றபடி, இந்தத் தடவை இரண்டு பாக்கெட் பாலை வெட்டி அடுப்பில் வைத்தாள்.