ஆபத்தான சாக்லேட்

"அம்மா, இன்னும் ரெண்டே ஹவர்ஸ்தான் இருக்கு. யெஸ்ஸா நோவா, சொல்லு!"

ஒன்பது வயது ஸ்ம்ருதி வௌவால் வேஷத்தில் சமையலறை வாசலை அடைத்துக்கொண்டு நின்றாள். பழைய குடைத் துணியில் அப்பா வெட்டித் தைத்த இறக்கைகள் பொறுமையில்லாமல் அடித்துக்கொண்டன.

"அதான் ஸ்கூல் பார்க்கிங் லாட்ல டிரங்க் ஆர் ட்ரீட் இருக்கே. அங்கயே போலாம்" என்றாள் ப்ரியம்வதா, குழம்பைக் கிளறியபடி.

கார்களை வரிசையாக நிறுத்தி, டிக்கியைத் திறந்துவைத்து, அதிலிருந்தே குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுப்பார்கள். அமெரிக்காவின் சான் ரமோனில் பாதிப் பெற்றோருக்கு இப்போதெல்லாம் அதுதான் ஹாலோவீன். இருட்டு இல்லை, ரோட்டைக் கடக்க வேண்டாம், முன்பின் தெரியாத ஆள் கிடையாது.

"ஸோ போரிங்! எல்லாக் கார்லயும் தெரிஞ்ச ஆன்ட்டிதான். நான் வீடு வீடாப் போய் பெல் அடிச்சு சாக்லேட் வாங்கணும்மா. ஒரு தடவைகூட அடிச்சதே இல்லை."

"யாரு வீட்டு பெல்லை? தெரியாதவங்க எதுல எதைக் கலந்து குடுப்பாங்களோ. வாட்ஸ்அப்ல தினம் ஒண்ணு வருது, பார்க்கறேன் இல்ல?"

ஸ்ம்ருதியின் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. லேப்டாப்பிலிருந்து அப்பா மணியன் நிமிர்ந்தார்.

"விடேன் ப்ரியா. நான் கூடப் போறேன். அங்க மொத்தமே இருபது கார். வண்டிக்கு ஒண்ணுன்னு எண்ணி எண்ணிக் குடுக்கறாங்க. குழந்தைக்கு அதுல என்ன குஷி?"

கரண்டி நின்றது.

"எண்ணியா குடுக்கறாங்க?"

"பின்னே? போன வருஷமே அப்படித்தானே."

ப்ரியம்வதா அடுப்பை அணைத்தாள்.

"சரி. வீடு வீடாவே போகட்டும்."

வௌவால் பறந்துவந்து அவள் இடுப்பைக் கட்டிக்கொண்டது.

"இரு, இரு. கண்டிஷன் இருக்கு. அப்பா கண்ணுல படற தூரத்துலதான் இருக்கணும். மேட்டு மேல இருக்கற பெரிய வீடுங்களுக்கு மட்டும் போ, அங்கதான் லைட்டு நல்லா எரியும். இந்தக் குட்டி வாளி வேண்டாம், இருட்டுல தட்டிவிடும். தலகாணி உறை தரேன். முக்கியமா, வழியில ஒண்ணைக்கூடப் பிரிச்சுத் திங்கக்கூடாது. நான் செக் பண்ணினப்புறம்தான்."

"இதென்ன ஹாலோவீனா, கஸ்டம்ஸ் செக்கிங்கா?" என்றார் மணியன்.

"நீங்க சிரிங்க. பெத்தவளுக்குத்தானே தெரியும்."

எட்டு மணிக்குத் திரும்பி வந்தபோது தலையணை உறை மணியனின் தோளில் இருந்தது. ஸ்ம்ருதிக்கு மூச்சு வாங்கியது.

"அம்மா, எல்லா பெல்லும் நானே அடிச்சேன்! ஒரு வீட்ல ஆளே இல்லை, வாசல்ல கூடை மட்டும் வெச்சிருந்தாங்க. ஒரு வீட்ல வாசல் கேமராக்குள்ளேருந்து ஒரு அங்கிள் பேசினார். கடைசி வீட்டுத் தாத்தா, வந்த வௌவால்லயே பெஸ்ட் பேட் நீதான்னு சொல்லி இவ்வளோ பெரிய பார் குடுத்தார்!"

"கை கழுவிட்டு வா. கொட்டு டேபிள்ல."

ப்ரியம்வதா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, டார்ச்சும் கையுமாக உட்கார்ந்தாள். மேஜையில் இரண்டு குவியல்கள் வளர்ந்தன.

"பீனட் பட்டர். டேஞ்சர்."

"எனக்குதான் அலர்ஜி இல்லையே?"

"இன்னிக்கு இல்லை. நாளைக்கு வராதுன்னு யார் கண்டா? கேரமல்... பல்லுக்கு டேஞ்சர். இது யார் குடுத்தது?"

"அந்தத் தாத்தா."

"இவ்வளவு பெரிசை யாராவது சும்மா தூக்கிக் குடுப்பாங்களா? ரொம்ப டேஞ்சர்."

பார் போய்ச் சேர்ந்த குவியலையே ஸ்ம்ருதி பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அடியில் நசுங்கிக் கிடந்த ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது?"

"உடைஞ்சுடுச்சா? ச்சே. இது சேஃப். நீ சாப்பிடு."

"முழுசா இருந்தா டேஞ்சர், உடைஞ்சா சேஃபா?"

"உடைஞ்சாதானே உள்ள என்ன இருக்குன்னு தெரியும்?"

ஸ்ம்ருதிக்கு அது சரியென்றே பட்டது. அம்மா ஆபீஸிலும் எதையாவது டெஸ்ட் பண்ணிக்கொண்டே இருப்பவள்தான்.

முடிவில் அவளுக்கு மிஞ்சியவை ஐந்து லாலிபாப், மூன்று உடைசல், உருகிப்போன ஒன்று. மற்றவையெல்லாம் கறுப்புக் குப்பைப் பையில் போயின.

"இதை நானே கராஜ்ல இருக்கற தொட்டியில போட்டுடறேன். நீ போய்ப் படு."

படுத்தவளுக்குத் தூக்கம் வரவில்லை. அந்தப் பெரிய பாரைத் தின்ன வேண்டாம். பெஸ்ட் பேட் என்று சொல்லிக் கொடுத்ததன் காகிதத்தையாவது வைத்துக்கொள்ளலாமே? சத்தமில்லாமல் இறங்கி கராஜுக்குப் போய்க் குப்பைத் தொட்டியைத் திறந்தாள்.

உள்ளே ஒரு பீட்சா அட்டைதான் கிடந்தது.

காருக்குப் பின்னால் வெளிச்சம். அம்மா ஒரு பெரிய சூட்கேஸின் முன் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் போன் ஸ்பீக்கரில் இருந்தது.

"என்னடி ப்ரியா, இந்த வருஷமாவது தேறிச்சா?" சென்னையிலிருந்து ஹம்சா பெரியம்மாவின் குரல். "போன டிசம்பர்ல நீ கொண்டுவந்த சாக்லேட் எங்க ஃப்ளாட்ல நாலு வீட்டுக்குக்கூடப் பத்தலை. மானமே போச்சு."

"இந்தத் தடவை பாரு, பெட்டி நிறைய வரும். எல்லாம் உனக்காகக் கடை கடையா ஏறி இறங்கி வாங்கினது, அக்கா" என்று ப்ரியம்வதா ஜிப்பை இழுத்து மூடினாள்.

ஸ்ம்ருதி ஓடிப்போய்ப் போனைப் பிடுங்கினாள்.

"பெரியம்மா, அதைச் சாப்பிட்டுடாதீங்க! அதெல்லாம் தெரியாதவங்க வீட்ல நான் பெல் அடிச்சு வாங்கினது. டேஞ்சர்னு அம்மாதான் பொறுக்கி எடுத்துத் தனியா வெச்சா!"