தொண்ணூறுக்குக் கீழே
திருவனந்தபுரத்தில், கோவிட் வார்டின் ஜன்னலில் மழை அறைகிறது. சாலைக் கடைத்தெருவில் அரிசி மூட்டை தூக்கும் சுடலைக்கண்ணுவின் விரலைக் கவ்விய கருவியில் ஆக்ஸிஜன் அளவு சிவப்பாகத் துடிக்கிறது: தொண்ணூற்றொன்று. புது மருந்துக்கு நேற்றே அவசர அனுமதி கிடைத்துவிட்டது. கையெட்டும் தூரத்துக் கண்ணாடி ஃபிரிட்ஜில் குப்பிகள் குளுகுளுவென்று உட்கார்ந்திருக்கின்றன. “தொண்ணூறுக்குத் தாழ போனாத்தான் குடுக்கலாம், சேச்சி. அனுமதி அங்ஙனயாக்கும்,” என்கிறாள் நர்ஸ் ஷிஜா. “அப்போ இவுக இன்னும் மோசமாகணுமா? இத எழுதினவன் வீட்டுல ஒருத்தரும் மூச்சுத் திணறிக் கெடக்கலியோ?” மனைவி உலகம்மாள் சீறுகிறாள். ஷிஜாவின் முகக்கவசக் கண்ணாடியில் ஆவி படர்கிறது. கட்டிலில் இழுத்துக்கொண்டிருந்த மூச்சுச் சத்தம் சட்டென்று நிற்கிறது. உலகம்மாள் திரும்புகிறாள். கணவன் உதட்டை இறுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு, கருவியையே பார்த்துக் கிடக்கிறான். எண் தொண்ணூறாகிறது. மூச்சை விடச் சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை.