முதல் இரண்டு நிமிடம்

“உட்கார்ந்து உட்கார்ந்து இடுப்பு விட்டுப்போச்சுய்யா. இன்னுமா உனக்கு ஒரு காலடிச் சத்தம் கிடைக்கல?”

இயக்குநர் நாற்காலியை உதைத்துத் தள்ளினார். ஒலிப்பதிவாளர் காட்சியை மறுபடி முதலிலிருந்து வைத்தார். காலையிலிருந்து மூன்று பேர் நடந்து காட்டிவிட்டார்கள். நடிக்கிறானுங்க என்று மூவரையும் விரட்டியாயிற்று.

திரையில் படத்தின் முதல் இரண்டு நிமிடம். இருண்ட மாடிப்படி. மேலே, மூடிய கதவுக்கு அடியில் ஒரு கோடு வெளிச்சம். கொலைகாரனின் முகம் கிடையாது, இசை கிடையாது. ஒரு காலை இழுத்து இழுத்து அவன் படியேறும் சத்தம் மட்டும்தான். நாலு மணிக்குத் தயாரிப்பாளர் வருகிறார். அவருக்குப் பயம் வராவிட்டால் இந்தக் காட்சியையே வெட்டி எறியச் சொல்லிவிட்டார்.

“நாலாவதா ஒருத்தங்க உள்ள தயாரா இருக்காங்க,” என்றார் ஒலிப்பதிவாளர்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம், விளக்கணைத்த அறையில், மரப்பலகை மேல் ஒரு பெண் நிற்பது நிழலாகத் தெரிந்தது.

“பொம்பளையா? சரி, எவளோ.” இயக்குநர் மைக்கை இழுத்துவைத்துப் பாடம் எடுத்தார். முகத்தைக் காட்டினால் பயம் செத்துப்போகும். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் பார்க்கிறவன் மூச்சு நிற்க வேண்டும். தன் முதல் படத்திலும் இதே வித்தைதான். மூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து ஒருத்தி விழுவாள். முகம் தெரியாது, அலறல் மட்டும். “அந்த ஒரு அலறல்லதான்மா எனக்குப் பேரே வந்துச்சு.”



படம் ஓடியது. டக். பிறகு பலகையை அராவிக்கொண்டு ஓர் இழுவை. கொஞ்சம் மௌனம். டக். மறுபடி இழுவை. படிக்குப் படி கோபம் ஏறுகிற நடை. கதவடி வெளிச்சத்தை நிழல் மறைத்து, கடைசி அடி நின்றபோது, இயக்குநர் இடுப்பு வலியை மறந்து எழுந்து நின்றிருந்தார்.

“இதுதான்யா. மூணு தடியனுங்களுக்கு வரல பாரு.”

அந்தச் சூட்டோடு கதாநாயகியின் நடையையும் முடித்துவிடச் சொன்னார். “இப்ப நொண்ட வேணாம்மா. சும்மா நேரா நட.”

டக். இழுவை. டக். இழுவை.

“காது கேக்கலையா? நடிக்காம நடன்னு சொன்னேன்.”

“நடிக்காத நடை இதுதாங்க.”

ஒலிப்பதிவாளர் உள்ளறை விளக்கைப் போட்டார். அவள் வலது காலை இழுத்துக்கொண்டே கண்ணாடிக்கு அருகில் வந்தாள்.

“அந்த ஜன்னல்லேருந்து விழுந்தவ நான்தான். கால் ஆபரேஷன் என் பொறுப்புன்னு ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு சொன்னீங்க. பதினோரு வருஷமாச்சு. அந்த ஆபரேஷன் இன்னும் பாக்கி.”